வெட்டின நிலாவை ஒட்டின ரசிகர்கள்!

பதினாலு வயசுப் பொண்ணு. பேர் உசாகி. படிப்பு சுமார், அழுகை சூப்பர், காலையில எழுந்திரிக்கவே வராது. இந்தப் பொண்ணுகிட்ட ஒரு கறுப்புப் பூனை வந்து, 'நீதான் உலகத்தைக் காப்பாத்தணும்'னு சொன்னா? அதாங்க 'செய்லர் மூன்'!

நவோகோ டாகேயூச்சியின் மாங்காவை வைத்து ஜப்பானின் டோயி அனிமேஷன் எடுத்த தொடர் இது. 1992 மார்ச்சில் ஆரம்பிச்சு 1997 பிப்ரவரி வரை மொத்தம் 200 எபிசோட். மாயசக்தியால் உருமாறும் பெண்களின் கதைகள் அதற்கு முன்பும் உண்டு. அவங்களை ஒரு டீமா சேர்த்து சண்டைக்கு அனுப்பினதுதான் இதோட ஸ்பெஷல்.

சரி, நீங்க பார்த்தது எந்த செய்லர் மூன்? 1995-ல் அமெரிக்க டி.வி.க்குப் போனப்போ கத்தரிக்கோல் புகுந்து விளையாடிடுச்சு. உசாகி 'செரீனா' ஆனாள். முதல் ரெண்டு சீசனின் 89 எபிசோட், ஆங்கிலத்தில் 82 ஆச்சு. முதல் சீசன் க்ளைமாக்ஸில் தோழிகள் ஒவ்வொருத்தரா உயிரை விடுவாங்க. டப்பிங்கில் அவங்க சிறைபிடிக்கப்பட்டதா மாத்திட்டாங்க! மூன்றாவது சீசனின் ஹாருகாவும் மிச்சிருவும் காதலர்கள். 2000-ல் வந்த டப்பிங்கில் அவங்க 'கசின்ஸ்'!

இந்தக் குட்டெல்லாம் வெளியே வந்தது ரசிகர்களாலதான். கூகுள்ல தேட மூணு பேர் தர்றேன், குறிச்சுக்குங்க.

செய்லர் மூன் அன்சென்சார்ட்: ஜப்பானிய ஒரிஜினலையும் ஆங்கில டப்பிங்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எபிசோட் வாரியா என்ன வெட்டுன்னு எழுதின தளம். நம்ம லேப் ரெக்கார்டு கூட இவ்ளோ சுத்தமா இருக்காது!

விக்கிமூன்: ரசிகர்கள் சேர்ந்து எழுதற கலைக்களஞ்சியம். மாங்கா, அனிமே, மேடை நாடகங்கள், 2003-ல் வந்த நடிகர்கள் நடிச்ச டி.வி. தொடர்... எல்லாமே ஒரே கூரைக்குக் கீழே.

டக்ஸீடோ அன்மாஸ்க்ட்: கதை நடக்கிற டோக்கியோவின் அஸாபு-ஜூபன் ஏரியா, அந்தக் கால ஜப்பான் பழக்கவழக்கம்னு பின்னணியைத் தோண்டித் தர்ற தளம். அனிமேவை ரெண்டாவது தடவை பார்க்கும்போது கூட வெச்சுக்குங்க.

வலையில் எழுதினதோட இவங்க நிறுத்தலை. 65 எபிசோடோட ஆங்கில டப்பிங் நின்னுபோனதும் 'சேவ் அவர் செய்லர்ஸ்'னு இயக்கமே ஆரம்பிச்சாங்க. ஸ்பான்ஸரை அசைக்க, 1997-ல் கடை கடையா ஏறி பாப்-டார்ட்ஸ் பாக்கெட் வாங்கிக் குவிச்சாங்க. பாய்காட்டுக்கு நேர் எதிர்! அதே வருஷம் இன்னும் 17 எபிசோட் ஆங்கிலத்தில் வந்தது.

2014-ல் விஸ் மீடியா வெட்டில்லாத பதிப்பைக் கொண்டு வந்துடுச்சு. அப்புறம் எதுக்கு இந்தத் தளங்கள்னு கேட்கறீங்களா? முழுப் படம் கடையில கிடைக்கும். முன்னாடி எதை மறைச்சாங்க என்கிற கணக்கு, ரசிகர்கள்கிட்டதான் கிடைக்கும்.

அந்தக் கணக்கு நோட்டும் தொலையும். 2009 அக்டோபரில் யாஹூ, ஜியோசிட்டீஸ் சேவையை மூடினப்போ, ரசிகர்கள் கட்டின எத்தனையோ பக்கங்கள் காணாமப் போச்சு. தன்னார்வலர்கள் ஓடி ஓடி நகல் எடுத்ததுதான் மிச்சம்.

அதனால ஒரு சின்ன ஹோம்வொர்க். பிடிச்ச ரசிகர் பக்கம் ஏதாவது கண்ணில் பட்டா, இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அதோட முகவரியைக் கொடுத்து ஒரு நகல் சேமிச்சு வைங்க. டீ ஆறறதுக்குள்ள முடியற வேலை!