கதிரவன் தருவதும் சிறுநீரகம் முடிப்பதும்



கோடைக்கானல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. கதிரவனை ஆராய்வதற்கென 1899ஆம் ஆண்டில் இங்கு ஒரு வானாய்வுக் கூடம் நிறுவப்பெற்றது. இத்தகைய ஊரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர், நாட்பட்ட சிறுநீரக நோயால் வருந்துபவர், அண்மையில் என்னை வினவினார்: “ஐயா, வைட்டமின் டி வெயிலிலிருந்தே கிடைக்கும் என்று வகுப்பில் கற்பித்தீர்கள். நாள்தோறும் தோட்டத்து வெயிலில் நிற்கும் எனக்கு அதற்கென மாத்திரை எதற்கு?”

நல்ல வினா. இதற்கு விடை காண்போம்.

கதிரவனின் புறஊதாக் கதிர்கள் நம் தோலில் படும்போது வைட்டமின் டி உண்டாகின்றது. ஆயினும் அது அந்நிலையில் தொழிற்படுவதில்லை. கல்லீரலில் ஒரு மாற்றமும், பின்னர்ச் சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் அது பெறவேண்டும். நெல்லைக் குத்தி அரிசியாக்கினாலும், உலையிலிட்டு வடித்தாலன்றிச் சோறாகாதன்றோ? அவ்வுலையே சிறுநீரகம். இறுதி மாற்றம் அங்குதான் நிகழ்கின்றது என்பதைக் கேம்பிரிட்ஜில் பிரேசரும் கோடிசெக்கும் 1970இல் கண்டறிந்தனர். முழுமையுற்ற அப்பொருளுக்குக் கால்சிட்ரியால் என்று பெயர்.

இனி, கழுத்திற்கு வருவோம். தைராய்டுச் சுரப்பியின் பின்புறம் பருப்பு மணியளவில் பெரும்பாலும் நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. இவையே பாராதைராய்டுச் சுரப்பிகள். குருதியில் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து குறையாமல் காப்பது இவற்றின் பணி. அது குறைந்தால் இவை ஒரு நீரைச் சுரந்து, எலும்பிலுள்ள சத்தைக் குருதிக்கு வரவழைக்கும்.

சிறுநீரகம் பழுதுற்றால் இரு கேடுகள் விளைகின்றன. வெளியேறவேண்டிய பாஸ்பரஸ் குருதியில் தங்குகின்றது, கால்சிட்ரியால் குறைகின்றது. அதனால் பாராதைராய்டுச் சுரப்பிகள் ஓய்வின்றிச் சுரந்து பருக்கின்றன. எலும்பு வலுவிழக்கின்றது, நாளடைவில் குருதிக் குழாய்களில் சுண்ணாம்பு படிகின்றது. இந்நிலையில் தோன்றும் எலும்பு வலியை மூப்பின் வலியென்று எண்ணித் தைலம் தேய்த்துக் காலங்கழிப்போர் பலர்.

மருத்துவம் யாது? முதலாவது, பாஸ்பரஸைக் குறைத்தல். நம் மலைக்குப் பெயர் தந்த பாலாடைக்கட்டியிலும் சாக்லேட்டிலும் அது மிகுதி. புட்டியிலடைத்த கருநிறக் குளிர்பானங்களிலும் உண்டு. உணவோடு உட்கொண்டால் பாஸ்பரஸைக் குடலிலேயே கட்டிவிடும் மாத்திரைகளும் உள. இரண்டாவது, சாதாரண வைட்டமின் டி குறைந்திருப்பின் அதை நிரப்புதல். மூன்றாவது, சுரப்பு மேன்மேலும் உயர்ந்தால், கால்சிட்ரியால், ஆல்பாகால்சிடால் போன்ற மருந்துகள். சிறுநீரகத்தின் வேலை முன்னரே முடிந்த நிலையில் வருவன இவை. என் மாணவரின் வினாவிற்கு விடை இதுவே.

எனினும் இம்மருந்து இருபுறமும் கூருடைய வாள். சுரப்பியை அடக்கும் அதுவே, குடலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பரஸையும் மிகுதியாக உறிஞ்சச் செய்கின்றது. ஆகவேதான், குருதி சுத்திகரிப்பு நிலையை எட்டாத பெரியவர்களுக்கு இதனை வழக்கமாகத் தரவேண்டா என்றும், நோய் முற்றி, சுரப்பும் கடுமையாகி உயர்ந்துவருவோருக்கே தரலாம் என்றும் 2017இல் வெளியான உலக மருத்துவர் குழுவின் வழிகாட்டுரை அறிவுறுத்தியது. சுத்திகரிப்புப் பெறுவோருக்குச் சினகால்செட் என்னும் வேறு வகை மருந்தும் உண்டு. மருந்துக்கு அடங்காவிடில் அறுவை மருத்துவம் செய்வர்.

மலைச் சிற்றூர்களிலிருந்து குருதிச் சோதனைக்காகத் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்குவது எளிதன்று. அதனால் மருந்தை மட்டும் வாங்கிச் சோதனையைத் தள்ளிப்போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்வழக்கமே பெருந்தீங்கு. கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டுச் சுரப்பு நீர் ஆகிய மூன்றின் அளவையும் பாராமல் இம்மருந்தைத் தொடர்தல், விளக்கின்றி மலைப்பாதையில் இறங்குதலை ஒக்கும். அண்டை வீட்டார்க்கு நன்மை செய்த மாத்திரை நமக்கும் செய்யுமென்று கடையில் வாங்குதலும் வேண்டா.

சிறுநீரக நோயர் இல்லத்தில் இருப்பின், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது இவ்வொன்றைக் கேளுங்கள்: “இம்மூன்று அளவுகளையும் எப்பொழுது பார்க்கவேண்டும்?” அவர் கூறும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மாத்திரையைப் போன்றே அந்நாளும் மருந்தின் ஒரு பகுதியாகும்.