மீன் எங்கே இருக்கிறது?

விடியற்காலை நேரம். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு படகு காத்திருக்கிறது. நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்! தூண்டில் போட விரும்புவோரை, கட்டணம் பெற்றுக்கொண்டு, மீன் உள்ள இடத்துக்கே அழைத்துச் செல்லும் படகு இது. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் ஆழம் 281 மீட்டர். கடல் போன்ற இந்த ஏரியில் சால்மன் மீன் இருக்குமிடத்தைப் படகோட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

முதலில் அவர் பார்ப்பது வெப்பநிலையை. கோடையில் வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. சூடான நீர் அடர்த்தி குறைந்தது. எனவே அது மேலேயே தங்கிவிடுகிறது. அடியிலோ 4 டிகிரி செல்சியசை ஒட்டிய குளிர்ந்த நீர். இரண்டுக்கும் நடுவே வெப்பநிலை சட்டென்று குறையும் ஓர் அடுக்கு உண்டு. குளிர்ச்சியை விரும்பும் சால்மன் பெரும்பாலும் அதை ஒட்டியே இரை தேடும். கனமான குண்டின் உதவியால் தூண்டிலை அந்த ஆழத்துக்கு இறக்குகிறார் படகோட்டி.

அடுத்தது எதிரொலி. படகின் அடியிலுள்ள கருவி ஒலித்துடிப்புகளை நீருக்குள் அனுப்புகிறது. மீனின் உடலிலுள்ள காற்றுப்பை அவற்றை நன்கு திருப்பி அனுப்பும். நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் செல்லும். 0.04 விநாடியில் எதிரொலி திரும்பினால் மீன் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? கணக்கிட்டுப் பாருங்கள். ஒலி போய்த் திரும்புவதால் இரண்டால் வகுக்க மறவாதீர்கள். விடை, ஏறத்தாழ 30 மீட்டர்!

இந்த சால்மன் இந்த ஏரியின் மீனே அல்ல என்றால் வியப்படைவீர்கள். இங்கே அரசாண்ட மீன் டிரவுட். நயாகரா அருவி தடுத்து வைத்திருந்த லாம்ப்ரே என்னும் இரத்தம் உறிஞ்சும் உயிரி, கப்பல் போக வெட்டிய வெல்லண்ட் கால்வாய் வழியாக மேல் ஏரிகளுக்குள் நுழைந்தது. லாம்ப்ரேயின் தாக்குதலும் அளவுமீறிய மீன்பிடிப்பும் சேர்ந்து, 1950-களில் டிரவுட் மீனை இந்த ஏரியிலிருந்து ஒழித்துவிட்டன. தின்பதற்கு ஆளில்லாததால் ஏல்வைஃப் என்ற சிறுமீன் கட்டுக்கடங்காமல் பெருகியது. 1967-இல் அவை கூட்டங்கூட்டமாகச் செத்துக் கரையில் குவிந்தன. அவற்றைத் தின்பதற்காகவே 1966 முதல் பசிபிக் கடலோரத்துச் சால்மன் இங்கே விடப்பட்டது. சால்மன் கொழுத்தது, தூண்டில் படகுகளும் பெருகின.

கதை அத்துடன் முடியவில்லை. கப்பல்களின் நிறைநீரோடு வந்த குவாகா என்ற சிப்பி, ஏரியின் அடித்தளமெங்கும் பரவி, நீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்கிறது. அவை குறைந்தால் ஏல்வைஃப் குறையும். ஏல்வைஃப் குறைந்தால் சால்மன் பட்டினி கிடக்கும். பக்கத்து ஹியூரன் ஏரியில் 2003-ஐ ஒட்டி ஏல்வைஃப் அழிந்தது, சால்மனும் அருகியது, படகோட்டிகள் பிழைப்பை இழந்தனர். அந்நிலை இங்கும் வராதிருக்க, மிச்சிகன் ஏரியில் விடும் சினூக் சால்மன் குஞ்சுகளின் எண்ணிக்கை 2013-இல் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. சால்மன் நிலைத்திருக்கவே சால்மனைக் குறைத்தார்கள்!

இன்று இந்த ஏரியின் நீர் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது. பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் அந்தத் தெளிவு, உணவுச் சங்கிலியின் முதற்கண்ணி மெலிந்ததன் அடையாளம். எந்த ஏரியிலும் தெளிந்த நீரைக் காணும்போது நீங்களும் கேளுங்கள்: இது தூய்மையா, பட்டினியா?