தரை கொதிக்கும் இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை

அடுப்பின் மேல் கோழி வேகிறது. விறகில்லை, கரியில்லை, கேஸ் சிலிண்டரும் இல்லை. இரும்புக் கம்பிகளுக்குக் கீழே எட்டிப் பார்த்தால் கிணறு மாதிரி ஒரு குழிதான் தெரியும். அதிலிருந்து அனல் வந்துகொண்டே இருக்கிறது. அதை மூட்டியவரும் இல்லை, அணைக்க வழியும் இல்லை.

ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே, ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் ஒன்று லான்சரோட்டே. 1730 செப்டம்பர் 1 அன்று இரவு அங்கே பூமி பிளந்தது. வெடிப்பு 1736 ஏப்ரல் வரை விட்டுவிட்டு நீடித்தது. தீவின் ஏறக்குறைய கால் பங்கு எரிமலைக் குழம்பின் கீழே போயிற்று. நல்ல விளைநிலமும் ஊர்களும் அதோடு போயின. யைசா ஊரின் பாதிரியார் அந்த நாட்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்ததால் நமக்கு விவரம் கிடைக்கிறது.

கிட்டத்தட்ட 300 ஆண்டுகள் ஆகியும் டிமன்ஃபாயா என்ற அந்தப் பகுதியின் சூடு தணியவில்லை. 13 மீட்டர் ஆழத்தில் சுமார் 600 டிகிரி செல்சியஸ். காய்ந்த புதரைக் குழியில் போட்டால் தானாகப் பற்றிக்கொள்கிறது. நிலத்தில் நட்ட குழாய்க்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஊழியர் சட்டென்று விலகி நிற்பார். சில நொடிகளில் அது நீராவியாகச் சீறிக்கொண்டு மேலே பாயும். ஆழத்தில் எஞ்சியிருக்கும் சூடு, பாறை வெடிப்புகளின் வழியே மேலேறும் வாயுக்களோடு வருகிறது என்பது விளக்கம்.

இந்த இடத்தில்தான் செசார் மான்ரிகே 1970இல் 'எல் டியாப்லோ' உணவகத்தைக் கட்டினார். பெயருக்குப் பொருள் சாத்தான். மான்ரிகே அடிப்படையில் ஓவியர். 1919இல் இந்தத் தீவின் அரெசிஃபே ஊரில் பிறந்தவர். 1960களின் நடுவில் நியூயார்க்கில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். கட்டட வேலைக்கு அவர் எடுத்துக்கொண்டவை கல், உலோகம், கண்ணாடி. கீழே கொதிக்கும் தரைக்கு வேறெதுவும் தாக்குப்பிடிக்காது. வட்ட வடிவக் கூடம், சுற்றிலும் கண்ணாடி. உட்கார்ந்து சாப்பிடுபவருக்குச் சுற்றியுள்ள எரிமலைகள் முழுதாகத் தெரியும். இயற்கையோடு இசைந்த கட்டடம் என்றதும் சுவருக்குப் பச்சை வர்ணம் பூசி, வாசலில் சிமெண்ட்டில் மரத்தண்டு செய்து வைப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சூட்டுக்கு ஈடு கொடுப்பது ஒரு பாதிதான். கட்டடம் எழும்பினால் கூட்டம் வரும், கூட்டத்துக்குக் கால் உண்டு. பார்க்க இரும்புபோல் இருக்கும் எரிமலைப் பாறையில் உண்மையில் நொறுங்கக்கூடியது அதன் மேலே படிந்திருக்கும் உயிர். பூஞ்சையும் பாசியும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதுபோல் சேர்ந்து வாழும் லைக்கன்தான் அங்கே முதல் குடியேறி. ஆண்டு மழை பெரும்பாலும் 150 மில்லிமீட்டரைத் தொடாத தீவில், கடல் காற்றின் ஈரத்தை நம்பி, சாம்பல் திட்டுகளாக அது மெல்லப் பரவுகிறது. மூன்று நூற்றாண்டு உழைப்பு அது. ஒரு செருப்புக்கால் அதை ஒரு நொடியில் தேய்த்துவிடும். கருஞ்சரளை மேல் பதிந்த காலடித் தடமும் லேசில் அழியாது. பெருமழை வந்து கழுவிவிட அது என்ன மலபாரா?

அதனால் எரிமலைகளுக்கு நடுவே 14 கிலோமீட்டருக்கு ஒரு குறுகிய சாலை போட்டார்கள். அதில் சொந்தக் கார் ஓட முடியாது. பூங்காவின் பேருந்தில் ஏறி, உட்கார்ந்து, பார்த்துவிட்டு, ஏறிய இடத்திலேயே இறங்க வேண்டும். முன்பதிவு செய்த சிறு குழுக்கள் மட்டும் வழிகாட்டியோடு சில பாதைகளில் நடக்கலாம். உணவகத்தைவிட இந்தச் சாலையே பெரிய கட்டடக் கலை என்பேன். 1974இல் அந்த இடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தீவின் வடக்கில் வேறொரு வகைச் சிக்கல். எரிமலைக் குழம்பு ஓடும்போது மேற்பரப்பு காற்றுப் பட்டு, காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல், முதலில் இறுகும். உள்ளே குழம்பு ஓடிக்கொண்டே இருக்கும். வரத்து நின்றதும் அது வடிந்துபோக, குழாய் போன்ற குகை மிஞ்சும். லா கொரோனா எரிமலை அப்படி விட்டுச்சென்ற குகை பல கிலோமீட்டர் நீண்டு கடலுக்கு அடியிலும் போகிறது. அதன் கூரை இடிந்த பள்ளத்தை ஊர்க்காரர்கள் 'ஹமேயோ' என்பார்கள். 1960களில் அப்படி ஓர் இடத்தை, ஹெசூஸ் சோட்டோ என்பவரோடு சேர்ந்து மான்ரிகே மக்கள் வந்துபோகும் இடமாக்கினார். 'ஹமேயோஸ் டெல் ஆகுவா' என்று அதற்குப் பெயர். இடிந்த பள்ளமே முற்றம். அங்கிருந்து படியிறங்கினால் குகைக்குள் ஒரு குளம். கடல் நீர் பாறைக்குள் கசிந்து வருவதால் குளத்துக்கும் ஏற்ற இறக்கம் உண்டு.

குளத்தடியில் வெள்ளை நட்சத்திரங்கள் சிதறிக் கிடப்பதுபோல் தெரிபவை உயிருள்ளவை. முனிடாப்சிஸ் பாலிமார்ஃபா என்பது பெயர். நண்டு என்றே சொல்கிறார்கள், ஆனால் அசல் நண்டு இல்லை, அதற்கு உறவு. நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவு. நிறமில்லை, பார்வையும் இல்லை. இதன் உறவினங்கள் ஆழ்கடலில் வாழ்பவை. ஒளியும் சத்தமும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. எல்லாவற்றையும்விட மோசம் நம் கையிலிருக்கும் சில்லறை. வேண்டுதலோடு குளத்தில் வீசும் நாணயத்தை உப்புநீர் அரிக்க, அதிலிருந்து கரையும் உலோகம் இதைக் கொன்றுவிடும். அதனால் குளத்தில் காசு போடத் தடை.

1973இல் திறந்த மான்ரிகேயின் 'மிரடோர் டெல் ரியோ' காட்சிமேடை, இருப்பதே தெரியாத கட்டடம். சுமார் 475 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் உச்சியைக் குடைந்து, குவிமாடக் கூடம் எழுப்பி, மேலே மண்ணால் மூடிவிட்டார்கள். நீர்ச்சந்துக்கு அப்பாலிருக்கும் லா கிராசியோசா தீவை அங்கிருந்து பார்க்கலாம். அந்தத் தீவில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் பார்த்தால் மலைதான் தெரியும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மறைத்துக் கட்டியதே ஊர் உலகத்தைக் கூட்டிவந்துவிட்டது. டிமன்ஃபாயாவுக்கு மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். உயரமான கட்டடங்களும் விளம்பரப் பலகைகளும் தீவைக் கெடுத்துவிடும் என்று மான்ரிகே எதிர்த்து வந்தார். தன் கடைசிக் காலத்தில் கடற்கரை விடுதிகளின் பெருக்கத்தைப் பார்த்துக் கொதித்தார். 1992இல் கார் விபத்தில் இறந்தார். மறு ஆண்டு யுனெஸ்கோ தீவு முழுவதையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

அந்தக் குகைக்கு என்றாவது போக வாய்த்தால், சில்லறை பையிலேயே இருக்கட்டும்.