சாரல் காலத்து மிளகுக் குழம்பு

ஆனி, ஆடி மாதங்களில் தமிழகத்தின் பெரும்பகுதி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கையில் தென்காசியும் குற்றாலமும் நனைந்துகொண்டிருப்பதற்கு, அவற்றுக்கு மேற்கே மலைத்தொடரில் அமைந்துள்ள செங்கோட்டைக் கணவாயே காரணமாகும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பங்கைக் கேரளச் சரிவிலேயே கொட்டிவிட்டு, எஞ்சிய ஈரத்துடன் அந்த இடைவெளி வழியே கிழக்கே நுழையும்போது பெய்யும் மென்தூறலே சாரல் எனப்படுகிறது. வெப்பமானியின் கணக்கில் இது பெருங்குளிர் அன்று. ஆயினும் ஓயாத காற்றும் உலராத ஈரமும் உடற்சூட்டைத் தொடர்ந்து கவர்ந்துகொள்வதால், அருவியில் நெடுநேரம் நின்று குளித்தவர்களுக்கு நடுக்கமும் கடும்பசியும் சேர்ந்தே வருகின்றன.

அப்பசிக்கு ஏற்ற உணவாக இவ்வட்டாரத்தில் நாட்டுக்கோழி மிளகுக் குழம்பைக் கூறலாம். செங்கோட்டையை அடுத்த பிரானூரில் உள்ள ‘பார்டர்’ கடைகளின் பரோட்டாவும் மிளகுக் கோழியும் வெளியூர்களிலும் பெயர் பெற்றவை என்றாலும், கடையின் அவசரத்தில் கைகூடாத ஒரு நிதானம் வீட்டுக் குழம்புக்கு உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1977இல் தன் மாநில உணவாக அறிவித்த ‘சில்லி’ என்னும் இறைச்சிக் குழம்பும் மெல்லக் கொதித்துத் திரளும் இதே இனத்தைச் சேர்ந்ததே. அதன் காரம் உலர்ந்த மிளகாயினுடையது; இதன் காரமோ மேற்குத் தொடர்ச்சி மலையையே தாயகமாகக் கொண்ட மிளகினுடையது. மிளகாய் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவை அடைந்தது என்பதால், அதற்கு முற்பட்ட தமிழ்ச் சமையலில் காரத்தின் பெரும்பொறுப்பை மிளகே சுமந்திருந்தது.

மிளகின் உறைப்புக்குக் காரணமான வேதிப்பொருள் பைப்பரின் ஆகும். நரம்பு முனைகளில் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதற்கென்று ஏற்பி எனப்படும் ஒரு புரதம் இருப்பதை, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைக் கொண்டு 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பைப்பரினும் அதே ஏற்பியைத் தூண்டுவதால் நாக்கு சுடுவதாக மூளை உணர்கிறதே தவிர, உடல் உண்மையில் சூடேறிவிடுவதில்லை. சொல்லப்போனால், காரத்தால் பெருகும் வியர்வை உடலைக் குளிர்விக்கவே செய்யும். குளிருக்கு மெய்யான ஆதரவாக அமைவன குழம்பின் கொதிசூடும், அதிலுள்ள கொழுப்பும் புரதமுமே.

ஒரு கிலோ கோழிக்கு இரண்டு மேசைக்கரண்டி மிளகு, அதே அளவு மல்லி, தலா ஒரு தேக்கரண்டி சீரகமும் சோம்பும், நிறத்துக்கென நான்கைந்து வற்றல் மிளகாய் ஆகியவை போதுமானவை. மல்லி, சீரகம், சோம்பு, வற்றல் ஆகியவற்றையும் மிளகில் பாதியையும் சிறுதீயில் வறுத்து அரைத்துக்கொள்ள வேண்டும். மீதி மிளகை அம்மியிலோ சிற்றுரலிலோ ஒன்றிரண்டாக நுணுக்கித் தனியே வைக்க வேண்டும். குழம்பின் தரம் பெரிதும் இந்தப் பிரிவினையைச் சார்ந்தே அமைகிறது. மிளகின் உறைப்பு நெடுநேரக் கொதிப்பையும் தாங்கி நிற்கும். ஆனால் அதன் மணத்தைத் தரும் எண்ணெய்கள் எளிதில் ஆவியாகிவிடும் இயல்புடையவை. ஆகவே முதற்பாதி இறைச்சிக்குள் உறைப்பை ஏற்ற, பிற்பாதி சட்டியை இறக்கும் தறுவாயில் இடப்பட்டு மணத்தைக் காக்கிறது. மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த மிளகுத்தூளைக் கொண்டு இதை ஈடுசெய்ய இயலாது.

நல்லெண்ணெயில் கறிவேப்பிலையைத் தாளித்து, கால் கிலோ சின்ன வெங்காயத்தையும் ஒரு கைப்பிடிப் பூண்டையும் பொன்னிறமாகும்வரை வதக்கி, இஞ்சி விழுதும் மஞ்சளும் சேர்த்தபின், கோழியை அதன் நீர் சுண்டும்வரை புரட்ட வேண்டும். அரைத்த மசாலையும் உப்பும் நீரும் அதன்பின் சேர்வன. ஓடியாடி வளர்ந்த நாட்டுக்கோழியின் தசைகளை இணைக்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம், ஈரச்சூட்டில் மெல்ல இளகிக் கூழ்த்தன்மையாக மாறும்போதுதான் இறைச்சி மென்மையும் சாறு கனமும் பெறுகின்றன. இதற்கு மண்சட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். குக்கர் இதனை விரைவுபடுத்தும் என்பது உண்மையே; எனினும் திறந்த சட்டியில் நீர் சுண்டச் சுண்ட ஏறும் சுவைச்செறிவு மூடிய கலத்தில் கிட்டுவதில்லை. இறுதியாக, அரைத்த தேங்காயைச் சிறிதளவு கலந்து ஒரு கொதி வந்ததும், நுணுக்கிய மிளகைத் தூவி இறக்கிவிடலாம். கிழக்கிந்தியக் கம்பெனியார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலத்தில் சாதிக்காயையும் கிராம்பையும் வளர்த்திருந்தபோதிலும், அத்தகைய வாசனைப் பொருள்கள் மிளகின் குரலை அமுக்கிவிடும் என்பதால் இக்குழம்பில் அவற்றைத் தவிர்ப்பதே நன்று.

புலால் உண்ணாதவர்கள் கோழிக்குப் பதிலாக, முந்தைய இரவே ஊறவைத்த கொள்ளையோ தட்டைப்பயற்றையோ சேர்த்தால் குழம்பு அதே கனத்துடன் அமையும். இதில் புளி சேர்ப்பதாயின், பயறு முழுவதும் வெந்த பின்னரே அதன் கரைசலை ஊற்ற வேண்டும். புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் பயற்றின் தோல் இளகாமல் விறைத்துவிடும். எவ்வகையாயினும், சுடுசோற்றைவிட நெல்லைச் சீமைக்கே உரிய உளுந்தஞ்சோறு இதற்குச் சிறந்த துணையாகும். தோலுடன் கூடிய உளுந்தும் தேங்காய்த்துருவலும் அரிசியோடு வெந்த அச்சோற்றின் மந்தமான இனிமை மிளகின் கடுமையைத் தணிக்க, பக்கத்தில் வேறு கறி எதுவும் தேவைப்படுவதில்லை.