மருட்செடி வளர்ப்பு

வீட்டுக் கூடத்திலும் அலுவலகத்து மூலையிலும் தொட்டியில் வைத்து வளர்க்கப்படும் செடிகளுள் ஒன்று, வாள்களை நட்டு வைத்தாற்போல நிமிர்ந்து நிற்கும் தடித்த இலைகளை உடையது. அதற்குக் கிளை இல்லை. இலைகள் மண்ணிலிருந்து நேரே எழுகின்றன. கரும்பச்சை இலையின் குறுக்கே வெளிறிய வரிகள் நெளிந்து ஓடுதலின், செடி விற்போர் அதனைப் பாம்புச்செடி என்பர். அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. தாவர நூலார் அதனை நெடுங்காலம் சான்சிவீரியா என்னும் பேரினத்தில் வைத்திருந்தனர். 2017 முதல் டிரசீனா என்னும் பேரினத்தோடு சேர்த்து வழங்குகின்றனர்.

செடி அயல்நாட்டதாயினும் அதன் சுற்றம் நம் நாட்டிலும் உண்டு. தமிழகத்தின் வறண்ட காடுகளில் தானே வளரும் மருள் அதற்கு நெருங்கிய உறவு. மருளின் இலையிலிருந்து நார் எடுத்துக் கயிறு திரிப்பர். பண்டு வில்லுக்கு நாணும் திரித்தனர். சங்க நூல்களில் மரல் என்று வருவது இம்மருளே என்பர் அறிஞர். கலித்தொகையின் பாலைப் பாட்டு ஒன்றில், மழை பெய்யாத காட்டு வழியிலே மரையா என்னும் விலங்கு மரலைத் தின்னும் செய்தி காணப்படுகிறது. புல்லெல்லாம் தீய்ந்த கோடையில் அவ்விலையில் மட்டும் நீர் எஞ்சியிருக்கும் என்பதைப் பழந்தமிழர் கண்டிருந்தனர் போலும். உறவு பற்றி வீட்டுச் செடியையும் மருள் என்றே இங்குக் குறிப்போம்.

மருள் எளிதில் வளர்வது என்று யாவரும் கூறுவர். அது மெய்யே. ஆயினும் ஒரு புதுமை உண்டு. மறந்து விட்டவர் வீட்டில் அது செழித்து நிற்கிறது. நாள் தவறாது நீர் வார்ப்பவர் வீட்டில் அழுகி விழுகிறது. அன்பு மிகுந்த இடத்தில் செடி மடிவது ஏன்? இதனை அறிய, அச்செடியின் இலை இரவில் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பெரும்பாலான செடிகள் பகலில் தம் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை உட்கொண்டு, கதிரொளியின் துணையால் உணவு சமைக்கின்றன. துளை திறந்திருக்கும் பொழுது இலையிலுள்ள நீரும் ஆவியாகி வெளியேறும். வறண்ட நிலத்துச் செடி அவ்வாறு நீரை இழக்க இயலாது. ஆகவே மருள் பகலில் துளைகளை மூடிக்கொள்கிறது. குளிர்ந்த இரவில் திறந்து கரியமிலவாயுவை ஏற்று, அதனை ஒரு புளிப்பு அமிலமாக்கி இலையினுள் சேமிக்கிறது. பொழுது விடிந்ததும் துளைகள் அடைபடுகின்றன. சேமித்த அமிலம் சிதைந்து கரியமிலவாயு மீண்டும் வெளிப்பட, அதனைக் கொண்டு உள்ளேயே உணவு சமைக்கப்படுகிறது.

இவ்வியல்பை உலகுக்கு முதலில் உணர்த்தியவர்களுள் ஒருவர், கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் சென்னை மாகாணத்தில் தாவர ஆய்வாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்பவர். அவர் கருவி எதனையும் நாடவில்லை. தம் நாவையே கருவியாகக் கொண்டார். இலையோரத்தில் குட்டிச் செடிகள் முளைக்குமே, அந்த ரணகள்ளியின் இலையைக் காலையில் மென்றபோது புளித்தது, நண்பகலில் சுவையற்றிருந்தது, மாலையில் சற்றே கைத்தது. இச்செய்தி இலண்டனில் 1815இல் அச்சேறிற்று. நாம் அவ்வாறு கண்ட இலையையெல்லாம் மென்று பார்த்தல் கூடாது. மருளின் சாற்றில் வயிற்றைப் புரட்டும் பொருள் உண்டு; நாய், பூனை, தவழும் குழந்தை ஆகியவற்றுக்கு எட்டாத இடத்திலேயே தொட்டியை வைத்தல் வேண்டும்.

இரவில் சேர்த்த அளவுக்கே பகலில் உணவு ஆகுமாதலின் மருளின் வளர்ச்சி மெதுவானது. நல்ல நிலையிலும் ஓராண்டில் சில இலைகளே புதியனவாகத் தோன்றும். வளரவில்லையே என்று கவலையுற்று நீரையும் உரத்தையும் பெருக்குதல் பயன் தராது. இலையில் நீர் நிறைந்துள்ளது. வேரோ சிறிதளவே நீர் கேட்கிறது. எஞ்சிய நீர் மண்ணின் இடுக்குகளில் தங்கி, அங்கிருந்த காற்றை வெளியேற்றிவிடுகிறது. வேருக்கும் மூச்சு உண்டு. காற்று இன்றேல் அது சாகும். செத்த வேரில் பூசணம் பற்றும்.

இங்குத்தான் பலரும் ஏமாறுகின்றனர். வேர் அழுகத் தொடங்கியபின்னும் இலை தன் சேமிப்பைக் கொண்டு பல வாரம் பசுமையாகவே நிற்கும். பின்னர் ஒரு நாள் இலை சுருங்கக் காண்போம். நீர் இன்றி வாடிய செடியும் இவ்வாறே சுருங்கும். வேர் அழுகிய செடியும், நீரை உறிஞ்ச வேர் இன்மையால், இவ்வாறே சுருங்கும். நோய் இரண்டு, குறி ஒன்று. தாகம் என்று எண்ணி மேலும் ஒரு குடம் நீர் வார்ப்பவர் செடியின் உயிரை முடித்துவிடுவர். ஆதலால் இலையை மட்டும் பார்த்தல் போதாது; மண்ணையும் பார்த்தல் வேண்டும். இலை சுருங்கி மண்ணும் உலர்ந்திருப்பின், அது தாகம்; நீர் வார்க்கலாம். இலை சுருங்கியும் மண் ஈரமாகவே இருப்பின், அது அழுகல். உடனே செடியைப் பறித்து, கறுத்துக் குழைந்த பகுதிகளைக் கூரிய கத்தியால் அரிந்து நீக்கி, நிழலில் இரண்டு நாள் உலர்த்திப் புது மண்ணில் நடுதல் வேண்டும்.

மண்ணின் நிலையை அறியத் தென்னை ஈர்க்கு ஒன்று போதும். அதனைத் தொட்டியின் அடிவரை செருகிச் சிறிது நேரம் கழித்து எடுத்தால், ஈரமண் ஒட்டியிருக்கிறதா என்று தெரியும். ஒட்டாமல் உலர்ந்து வந்தால், அடித்துளை வழியே வழியும்வரை நீர் வார்த்து, கீழ்த்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுக. சித்திரை வைகாசியில் 10 அல்லது 15 நாளுக்கு ஒரு முறையும், அடைமழைக் காலத்தில் மாதம் ஒரு முறையும் இந்நிலை வரலாம். ஆயினும் நாட்கணக்கை நம்புதலினும் ஈர்க்கை நம்புதலே நன்று. இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கவிடுதல் கூடாது.

மண் தொட்டியே மருளுக்கு ஏற்றது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். அடியில் துளையில்லாத பீங்கான் கிண்ணங்கள் கண்ணுக்கு அழகியன. செடிக்கு அவை கிணறு. செம்மண் ஒரு பங்கு, பருமணலும் உடைத்த செங்கற்சல்லியும் கலந்து இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பிடி எனக் கலந்துகொள்ளலாம். தொட்டி பெரிதாயின் மண் மிகும். மண் மிகுந்தால் ஈரம் நெடுநாள் தங்கும். ஆதலின் வேர்க்கட்டினும் சற்றே பெரிய தொட்டி போதும். மங்கிய ஒளியிலும் மருள் உயிரோடிருக்கும். எனினும் சாளரத்தின் அருகே வைத்தால்தான் நன்கு வளரும். இருண்ட மூலையில் இருந்ததைத் திடீரென வெயிலில் வைத்தால் இலை வெந்து வெளுக்கும்.

இச்செடி இரவெல்லாம் பிராணவாயுவைப் பொழிகிறது என்று சிலர் கூறுவர். இலைத்துளை இரவில் திறப்பது மெய். ஆனால் பிராணவாயு உண்டாவதற்கு ஒளி வேண்டும். இரவில் உள்ளே செல்வது கரியமிலவாயுவே. மற்றும், இது வீட்டுக் காற்றின் நச்சை நீக்கும் என்பது 1989இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஆய்வு ஒன்றிலிருந்து பரவிய செய்தி. அவ்வாய்வு அடைத்த சிறு பெட்டிகளுள் நிகழ்ந்தது. அத்தகைய ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கி 2019இல் வெளிவந்த கட்டுரை, சாளரங்களால் இயல்பாக நிகழும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமாயின் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 செடிகளேனும் வேண்டும் என்று கணக்கிட்டது. அத்தனை செடிகளை வைத்தபின் வீட்டில் நமக்கு இடம் ஏது?

மருளைப் பெருக்க இரு வழி உண்டு. இலையை மூன்று விரற்கடை நீளத் துண்டுகளாக அரிந்து, வெட்டுவாய் உலர்ந்தபின் மணலில் ஊன்றலாம். துண்டின் கீழ்முனை கீழேயே இருத்தல் வேண்டும். தலைகீழாக ஊன்றிய துண்டு வேர் விடாது. குருத்து எழச் சில மாதங்கள் ஆகும். இலையோரத்தில் மஞ்சட்கரை ஓடும் வகையை மட்டும் இவ்வாறு பெருக்க இயலாது. அதன் இலையில் மஞ்சள் திசுவும் பச்சைத் திசுவும் அடுத்தடுத்து ஒட்டி வாழ்கின்றன. துண்டிலிருந்து எழும் குருத்தோ பச்சைத் திசுவிலிருந்தே பிறப்பதால் கரையின்றி வெறும் பச்சையாக வரும். கரை வேண்டுவோர் மண்ணினடியில் கிடையாகப் படரும் தண்டைக் குருத்தோடும் வேரோடும் பிரித்து நடுதல் வேண்டும்.

பல்லாண்டு வளர்ந்த மருள் எப்போதேனும் பூப்பதும் உண்டு. இலைகளின் நடுவிலிருந்து ஒரு தண்டு எழுந்து, வெண்பச்சை நிறச் சிறு மலர்களைத் தாங்கும். இரவில் மணம் கமழும். பூத்த குருத்திலிருந்து அதன்பின் புதிய இலை தோன்றாது. இருக்கும் இலைகள் நெடுநாள் பசுமையாக நிற்க, அடித்தண்டிலிருந்து பக்கக் குருத்துகள் எழும். அவை தொட்டியை நெருக்கித் தொட்டியின் விளிம்பை முட்டும்பொழுது, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, வேறு தொட்டிக்கு மாற்றினால் போதும்.