திரையில் கூடும் நீதிமன்றம்

மூணாற்றிலிருந்து பாம்பாடும்சோலை வழியே மலையேறினால் வட்டவடை. பூண்டு விளையும் கேரளத்து ஊர். வீட்டுப் பேச்சோ பெரும்பாலும் தமிழ். அவ்வூரார் ஒருவருக்கு எறணாகுளத்து உயர் நீதிமன்றத்தில் வழக்கிருப்பின், போய்வரவே இரு நாள் ஆகலாம். வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் பயணமும் வீண், கூலியும் போயிற்று.

கொள்ளைநோய் பரவிய 2020 மார்ச்சு இறுதியில் அந்நீதிமன்றம் காணொலி வாயிலாக வழக்குகளைக் கேட்கலாயிற்று. ஏப்ரல் 6 ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் நாடெங்கும் அதற்கு வழிவகுத்தது. நோய் தணிந்தபின், பழைய மன்றத்துக்கே திரும்புவதா என்ற வினா எழுந்தது.

இவ்வினா நோய்க்கும் முந்தியது. வெவ்வேறு ஊர்களில் வாழும் கணவன் மனைவியர் வழக்கு குறித்து, 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவர் கருத்து வேறுபட்டனர். சமரச முயற்சிக்குக் காணொலி ஆகாது. அது முறிந்தபின் இரு தரப்பும் இசைந்தால் அனுமதிக்கலாம் என்றனர் இருவர். நீதிபதி சந்திரசூட் அதற்கு உடன்படவில்லை. அந்தந்த நீதிமன்றத்தின் தீர்மானத்துக்கே விடலாம் என்றார்.

வாய்தா கேட்பதற்கும் சட்ட வாதத்துக்கும் திரை போதும் என்பது நம் எண்ணம். குறுக்கு விசாரணை வேறு. சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பவர் திரைக்கு அப்பால் மறைந்திருக்கலாம். மலையூர்ச் சாட்சியின் தமிழை மலையாளத்தில் பெயர்க்கையில் ஒலி அறுந்தால் பொருளே மாறும். எனவே சாட்சி இருக்குமிடத்திலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்கின்றன கேரளத்தின் 2021 ஆம் ஆண்டு விதிகள்.

எந்த உயர் நீதிமன்றமும் காணொலி வசதியை மறுத்தலாகாது என 2023 அக்டோபர் 6 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் விசாரணை நாளுக்கு முன்பே தம் வழக்கறிஞரிடம் இதனைக் கேட்டுவைத்தல் நன்று. தொடர்பு அறாத இடமாகப் பார்த்து அமர்வது அவர்தம் பொறுப்பு.