நோவு இறக்கத்தில்

2,036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுல மலை ஏறித் திரும்பிய பசறை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: அன்றைக்கு மூச்சு வாங்கியதோடு சரி. மறுநாள்தான் தொடை கல்லாகிப் படி இறங்க முடியாமல் போனதாம். தசையில் லாக்டிக் அமிலம் தங்கிவிட்டதா என்று கேட்கிறார். அந்தக் கதை பழசு. அந்த அமிலம் ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அகன்றுவிடும்.

நோவைத் தந்தது இறக்கம். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை இறுகியபடியே நீள்கிறது. ஹப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்கும் பஸ்ஸின் பிரேக் போல, சரியப்பார்க்கும் உடலைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த இழுபறியில் நுண்ணிய இழைகள் சில சிதைகின்றன. வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும்.

இதில் எனக்குப் பிடித்த விந்தை ஒன்று உண்டு. இப்படி நீளும் தசைக்குப் பலம் அதிகம், செலவோ குறைவு. 1952இல் அபட், பிரெண்டா பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இங்கிலாந்தில் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாகச் சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் மிதிப்பார், மற்றவர் அந்தச் சுழற்சியைத் தடுப்பார். விசை இருவருக்கும் ஒன்றே. ஆனால் மிதித்தவருக்குத்தான் பல மடங்கு ஒட்சிசன் தேவைப்பட்டது. சிறிய உருவப் பெண்ணொருவர் சும்மா தடுத்துக்கொண்டிருக்க, வாட்டசாட்டமான ஆண் களைத்துப்போனார்!

ஒருமுறை நொந்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு இறக்கத்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும். கொழுந்து மூட்டையோடு தினமும் மடுவத்துக்கு இறங்கும் அக்காமாருக்கு நம் வாசகரின் அவதி வராதது அதனால்தான்.

உடனே "அவங்களுக்குப் பழகிப்போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். பழகுவது தசை, இரும்புச்சத்துக் குறைந்த இரத்தம் எத்தனை மலை ஏறினாலும் பழகாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே எட்ஜர்டன் குழுவினர் செய்த ஆய்வு 1979இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. இரும்புச்சத்து கொடுத்து ஒரு மாதத்தில், இரத்தம் தேறியவர்கள் பறித்த கொழுந்து கூடியது. சோகை கடுமையாக இருந்தவர்களிடம்தான் முன்னேற்றம் அதிகம்.

ரொட்டியோடு குடிக்கிற சாயத்தண்ணி அந்த இரும்பை உடலில் சேரவிடாமல் குறைக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது. காலை ரொட்டி தின்று ஒரு மணி நேரம் கழிந்தால் அவர்கள் மலையில் நிற்பார்கள். அங்கே தேத்தண்ணிக்கு நேரம் ஒதுக்கவேண்டியது தோட்ட நிர்வாகம்.